குதிரை அட்டைக்குள் இருந்த புத்தகம்

எங்கள் அத்தானுக்குச் செஸ் கிளப்பில் வைத்திருந்த பட்டப்பெயர் நூலகர். என் அக்காவைக் கட்டியதால் எனக்கு அவர் அத்தான். பிழைப்புக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. வருகிறவர்களின் பார்வையைச் சோதித்து, லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பார். கையில் அப்படி ஒரு சுத்தம். அவர் பொருத்திய லென்ஸ் கழன்று விழுந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

கடைச் சுவரில் எழுத்துப் பலகை ஒன்று தொங்கும். மேலே பானை அளவு எழுத்து, கீழே போகப் போக எறும்பு அளவு. நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எழுத்து தெரியாவிட்டாலும், தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக் குத்துமதிப்பாக எதையாவது சொல்லிவிடுவார்கள். அத்தான் எல்லாரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்.

“தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க. இதுல என்ன வெட்கம்? நீங்க ஊகிச்சுச் சொன்னா அந்த ஊகத்துக்குத்தான் கண்ணாடி கிடைக்கும், உங்க கண்ணுக்குக் கிடைக்காது.”

நல்ல வார்த்தைதான். ஊருக்கு உபதேசம் என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

நான் வேலை பார்க்கும் சலவைக்கடையின் மாடியில்தான் செஸ் கிளப். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். கீழே மெஷின்கள் சுற்ற ஆரம்பித்தால் மேலே மேஜை அதிரும். குதிரை தன்னால் ஒரு கட்டம் நகர்ந்துவிட்டது என்று சண்டை வரும், திட்டு எனக்கு விழும். நான் மேலே போய் விளையாடுவதெல்லாம் தோற்பதற்குத்தான். அத்தானோ விளையாடுவதே அபூர்வம். கேட்டால், ஒரு புத்தகம் ஓடிக்கொண்டிருக்கிறது, முடித்துவிட்டு உட்காருகிறேன் என்பார். அவரிடம் மற்றவர்கள் வருவது யோசனை கேட்க. எந்தப் புத்தகம் வாங்கலாம், எதை முதலில் படிக்கலாம் என்று கேட்க.

அதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. எதிரே இருப்பவரின் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். பிறகு, உங்களுக்கு ஆட்டத்தை முடிக்கத் தெரியவில்லை, ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் நிலைகளைப் பற்றிய புத்தகம் வாங்குங்கள் என்பார். இன்னொருவரிடம், தொடக்கத்தை மனப்பாடம் செய்வதை நிறுத்துங்கள் என்பார். புத்தகம் பொறுக்க ஒரு விதியும் வைத்திருந்தார். நடுவில் ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். பாதி புரிய வேண்டும், பாதி இடிக்க வேண்டும். முழுதும் புரிந்தால் அது வேண்டாம். ஒன்றுமே புரியாவிட்டால் அதுவும் வேண்டாம், அது அடுத்தவர் கண்ணாடி, போட்டால் தலைவலிதான்.

தனக்கென்று வரும்போது மட்டும் அந்த விதி எங்கே போகுமோ தெரியாது. புத்தகக் கடையிலேயே எது தடிமனோ, எது மேதைகள் படிப்பதோ, அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். முன்னறைச் சுவர் முழுக்க அந்த மாதிரிப் புத்தகங்கள். மூன்றாவது அத்தியாயத்துக்கு மேல் எதிலும் விரல் பட்ட அடையாளம் கிடையாது. தூசி தட்டுகிறவள் அக்கா. அவளுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டாள்.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் அவளுக்கு வேலை. போன தடவை எந்தக் காலில் வலி என்று வந்தார்கள் என்பது வரை நோயாளிகளை நினைவு வைத்திருப்பாள். படிப்பைப் பாதியில் விட்டவள். விட்டதற்குக் காரணம் வீட்டு நிலைமை. அவளோ, உன் தலையில் களிமண் என்று ஏதோ ஒரு வகுப்பு டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, படிப்பு ஏறாததால்தான் நின்றது என்று நம்பிக்கொண்டிருந்தாள். வீட்டில் யாராவது நாலு பேர் சேர்ந்து எதையாவது பேசினால், எனக்கு என்ன தெரியும் என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

கிளப்புக்குப் புதிதாக ஒரு மருந்துக்கடைக்காரர் வந்தார். காய்களை எப்படி நகர்த்துவது என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அத்தானிடம் யோசனை கேட்டார். அத்தான் சிரித்துக்கொண்டே குழந்தைகளுக்கான புதிர்ப் புத்தகம் ஒன்றைச் சொன்னார். பக்கத்துக்கு ஒரு பெரிய படம், ஒரே நகர்த்தலில் ராஜாவை மடக்க வேண்டும். அட்டையில் தொப்பி போட்ட குதிரை ஒன்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும், அதன் கீழே ‘ஆறு வயது முதல்’ என்று போட்டிருக்கும். மருந்துக்கடைக்காரர் வெட்கம் பார்க்கிற ஆள் இல்லை. மாத்திரை எடுத்துக் கொடுக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அதையே கரைத்துக் குடித்தார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் புண்ணியத்தில் கற்றுக்கொண்டேன், ஒரு ஆட்டம் போடலாமா என்று எல்லார் முன்னாலும் அத்தானைக் கேட்டார். மறுக்க வழியில்லை. அத்தான் உட்கார்ந்தார். தொடக்கம் பிரமாதம், மூன்று அத்தியாயத்து அறிவும் பலகையில் இறங்கியது. பிறகு மெல்ல மெல்ல வண்டி நின்றது. அவருடைய ராஜா மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் நகர இடமில்லாமல் பத்திரமாக உட்கார்ந்திருக்க, மருந்துக்கடைக்காரர் யானையைக் கடைசி வரிசைக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தார். ஆட்டம் முடிந்தது.

“சார், இது குதிரைப் புத்தகத்துல மூணாவது படம்” என்றார் மருந்துக்கடைக்காரர். குத்திக் காட்டவில்லை, நன்றியோடுதான் சொன்னார். அதுதான் வினை. கூட்டம் சிரித்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அத்தானுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது.

அடுத்த நாளே அவர் குதிரைப் புத்தகத்தை வாங்கினார். அதற்கு நான் அவரைப் பாராட்டுவேன், அத்தோடு நின்றிருந்தால். வீட்டுக்குள் நுழையும்போது அக்கா எதிரே வந்துவிட்டாள். பையிலிருந்து குதிரை எட்டிப் பார்த்தது. இது யாருக்கு என்று அக்கா கேட்டாள். இந்த வயதில், இத்தனை தடிப் புத்தகம் அடுக்கி வைத்துக்கொண்டு, எனக்குத்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“உனக்குத்தான் வாங்கினேன். நீயும் கத்துக்கோயேன்.”

அக்காவின் கையெல்லாம் சோப்பு நுரை. புத்தகத்தைத் தொடாமல் குனிந்து அட்டையை மட்டும் பார்த்தாளாம். எனக்கா, எனக்கா என்று இரண்டு தடவை கேட்டாளாம். அவளுக்கென்று ஒருவர் புத்தகம் வாங்கி வந்தது அதுதான் முதல் தடவை. அவளே பிறகு என்னிடம் சொன்னது இது.

அன்று அவள் குளிக்கப் போன நேரத்தில் அத்தான் வேலையை முடித்தார். அலமாரியில் குதிரைப் புத்தகத்தின் அதே அளவில், அதே தடிமனில் ஒன்று இருந்தது. ஒரே ஒரு தொடக்க முறையைக் கிளை கிளையாக அலசும் புத்தகம், கறுப்பு மேலுறை, அதில் ஒற்றை ராஜா. கிளப்பில் பெரிய ஆட்டக்காரர்களே பாதியில் மூடி வைத்தது. இரண்டின் மேலுறையையும் கழற்றி மாற்றி மாட்டினார். உள்ளே பெயர் அச்சடித்த முதல் தாளைக்கூட விடவில்லை. பிளேடால் அறுத்து, மெல்லிய கோடாகப் பசை தடவி, அதற்கு இதை, இதற்கு அதை ஒட்டினார். லென்ஸ் தேய்க்கிற கை அல்லவா, நூலிழை பிசகவில்லை.

அவர் போட்ட கணக்கு சுலபமானது. அக்கா எங்கே படிக்கப்போகிறாள், குதிரை அட்டை ஒரு மூலையில் கிடக்கும், கேட்டால் வாங்கிக் கொடுத்த பெருமை மிஞ்சும். குழந்தைப் புதிர்களை அவர் கறுப்பு ராஜா அட்டைக்குள் வைத்துப் பஸ்ஸிலும் கடையிலும் கௌரவமாகப் படிக்கலாம்.

படித்தார், நிஜமாகவே படித்தார். அதன் பலனும் தெரிந்தது. கிளப்பில் விளையாட உட்கார ஆரம்பித்தார், ஜெயிக்கவும் ஆரம்பித்தார். ஓய்வில் மூலையில் உட்கார்ந்து கறுப்புப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் படிப்பார், தியானத்தைக் கலைக்கக் கூடாது என்று யாரும் கிட்டப் போக மாட்டார்கள். இவ்வளவு முன்னேற்றமும் அந்தக் கறுப்புப் புத்தகத்தால் வந்தது என்று பேச்சு பரவியது. மருந்துக்கடைக்காரர் உட்பட இரண்டு மூன்று பேர் அதை வரவழைத்தும் விட்டார்கள். அதைப் படித்துவிட்டு அவர்கள் ஆட்டம் கெட்டுப்போனது தனிக் கதை. அத்தானிடம் போய்க் கேட்டால், பொறுமையாகப் படியுங்கள் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் அக்காவும் படித்தாள். காலை ஷிப்ட் முடிந்து வந்து, யாரும் இல்லாத மதிய நேரத்தில் சாப்பாட்டு மேஜையில் பலகையை விரித்துக் காய்களை அடுக்குவாள். காய்கள் நகரும் விதம் எங்களைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தெரியும். கட்டங்களுக்கு எழுத்தும் எண்ணும் போடும் முறையைப் பலகை ஓரத்தைப் பார்த்துத் தானே கண்டுபிடித்துக்கொண்டாள். பிறகு குதிரை அட்டையைத் திறப்பாள். உள்ளே படமே இல்லாமல் வரி வரியாக நகர்த்தல்கள். ஒரு வரி மூன்றாகப் பிரியும், அதில் ஒன்று மறுபடி நாலாகப் பிரியும், கடைசியில் வெள்ளைக்கு லேசான சாதகம் என்று முடியும். எதனால் சாதகம் என்று ஒரு வார்த்தை இருக்காது. காய்களை நகர்த்தி நகர்த்தி எங்கே பிரிந்தோம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து அடுக்குவாள். புத்தகத்தை மூடினால் மேலே குதிரை சிரிக்கும், அதன் கீழே ஆறு வயது முதல்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? ஆறு வயதுக் குழந்தைக்குப் புரிவது எனக்குப் புரியவில்லை என்று புருஷனிடம் போய்ச் சொல்ல யாருக்கு மனசு வரும்? பலகையைத் துடைத்து, அவர் வருவதற்குள் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். ஒரே வீட்டில் ஒருத்தர் அட்டையை மறைத்தார், இன்னொருத்தி மனசை மறைத்தாள்.

அத்தான் கிளப் போட்டி ஒன்றில் இரண்டாவதாக வந்தபோது நாலைந்து பேரை டீக்கு வீட்டுக்கு அழைத்தார். நானும் இருந்தேன். மருந்துக்கடைக்காரர் அலமாரியின் கீழ்த்தட்டில் குதிரையைப் பார்த்துவிட்டார். பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி அதை உருவி எடுத்தார். இது என் குரு ஆயிற்றே, இங்கே யார் படிப்பது என்று கேட்டார். டீத் தட்டோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றாள். அவள் முகம் மாறியது. பிறகு சிரித்தாள்.

“எனக்குத்தாங்க வாங்கிக் கொடுத்தாரு. மாசக்கணக்கா உட்கார்ந்து பார்த்துட்டேன், ஒரு பக்கம்கூட விளங்கல. என் தலையில களிமண்ணுதான் இருக்குன்னு டீச்சர் அப்பவே சொன்னாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க.”

அவள் சிரித்தாளே என்று எல்லாரும் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும், அப்படி இருக்காதே, இது ரொம்ப எளிதாயிற்றே என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தைத் திறக்கப்போனார். அத்தான் எழுந்து, ஏறக்குறையப் பிடுங்கின மாதிரி அதை வாங்கினார்.

“விடுங்க. டீ ஆறுது, குடிங்க.”

புத்தகத்தை அலமாரிக்கு மேலே, கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். தன் டீயை அவர் கடைசி வரை தொடவே இல்லை. ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

சில நாள் கழித்து அவர் என் சலவைக்கடைக்கு வந்தார். மூன்று பெரிய மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் ரகசியம் பேச முடியாது. என் காதருகில் குனிந்து கத்தித்தான் எல்லாவற்றையும் சொன்னார். அட்டையை மாற்றியது, தாளை அறுத்தது, எல்லாம். டீ குடித்த அன்றே அட்டைகளை மறுபடி ஒழுங்காக மாட்டிவிட்டாராம். இன்னொரு தடவை படித்துப் பார் என்று அக்காவிடம் கெஞ்சினாராம். அவள், ஒரு தடவை பட்ட அவமானம் போதும், அக்கம்பக்கத்தில் ஏதாவது குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாளாம்.

“நீ சொன்னா கேட்பா. எப்படியாவது ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லு. நான் பண்ணின ஈனத்தனம் அவளுக்குத் தெரிய வேண்டாம்” என்று கத்தினார். கடைசி வாக்கியத்தின் நடுவில் மூன்று மெஷினும் சொல்லிவைத்த மாதிரி நின்றுவிட்டன. துணி வாங்க வந்து நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அப்படியே கூனிக் குறுகிப்போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த ஈரத் துணியை அவர் மேலேயே போட்டிருப்பேன். எனக்காகவும் வீட்டுக்காகவும் படிப்பை விட்டவள் அவள். தன் தலையில் களிமண் என்று இத்தனை வருடம் நம்பினாள். அதற்கு இவர் அச்சடித்த சாட்சி வேறு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

“நான் சொல்ல மாட்டேன் அத்தான். நீங்கதான் சொல்லணும். இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லலேன்னா நான் வேற மாதிரி சொல்லுவேன்.”

சனிக்கிழமை மதியம் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னார். இரண்டு புத்தகத்தையும் மேஜையில் வைத்து, முதல் தாளில் பசை தடவிய கோட்டைக் காட்டினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அக்கா குதிரைப் புத்தகத்தை இழுத்துத் திறந்தாள். முதல் படத்தைப் பார்த்தாள், ராணி இருந்த இடத்திலிருந்து ராஜாவின் பக்கத்துக் கட்டத்துக்கு விரலால் கோடு இழுத்தாள். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். யானையைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகும் மூன்றாவது படத்தில் அவள் விரல் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பத்துப் பதினைந்து பக்கம் அப்படியே போனது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அத்தானின் தலை இன்னும் கொஞ்சம் கீழே போனது.

அக்கா புத்தகத்தை மூடினாள்.

“அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் சொன்னப்போ, ஏன் விளங்கலேன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்கன்னு கடையில எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க. நான் சொன்னேன். வெட்கத்தை விட்டுட்டுச் சொன்னேன். நீங்க டீ ஆறுதுன்னீங்க.”

கத்தியிருந்தால் தேவலை. அழுதிருந்தாலும் தேவலை. அவள் டோக்கன் ஜன்னலில் பேசுகிற அதே குரலில் சொல்லிவிட்டு, சாப்பிட்ட தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், அந்த அறையில் இருக்க எனக்கே கூசியது.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் ஆட்டம் ஆரம்பிக்கும் முன் அத்தான் எழுந்து நின்றார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. இரண்டு புத்தகத்தையும் மேஜையில் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மனைவிக்கு விளங்காமல் போனது கறுப்புப் புத்தகம், தனக்கு விளங்கியது குதிரைப் புத்தகம் என்று தெளிவாகச் சொன்னார். ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு சிரிப்பு ஆரம்பித்தது. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நூலகரே, அடுத்து எந்த அட்டை என்று ஒருவர் கேட்டார். கறுப்புப் புத்தகத்தைப் படித்து ஆட்டத்தைக் கெடுத்துக்கொண்ட மருந்துக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மானம் கப்பலேறுவது என்றால் என்ன என்று அன்று நேரில் பார்த்தேன். அத்தான் நின்ற இடத்திலேயே நின்றார், சிரிப்பு அடங்குகிற வரை.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் குதிரைப் புத்தகத்தை அவள் பக்கத்தில் வைத்தார். கிளப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்றார். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவரின் முகம் அவருக்கு. ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள் அக்கா.

“சிரிச்சாங்க.”

அக்கா மடித்த சட்டையை நீவி வைத்தாள்.

“என்னைப் பார்த்தும் அப்படித்தான் சிரிச்சாங்க. அப்ப நீங்களும் அங்கதான் உட்கார்ந்திருந்தீங்க.”

அக்கா துணிகளை ஒரு கையிலும் புத்தகத்தை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பலகை மட்டும் அத்தானோடு முன்னறையிலேயே கிடந்தது.